கண் இமைச் சிற்றுண்ணியும் இமை எண்ணெய்ச் சுரப்பியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பவர் பார்க்க வருகிறவர்களின் இமையைக் கருவியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, முடியின் அடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைப் பொடுகு அடிக்கடி கண்ணில் படுகிறது. அது இமையில் வாழும் சிற்றுண்ணியின் வேலை என்று சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. கடையில் ஒன்றும் கேட்காமல் போய், ராத்திரி வாட்ஸ்அப்பில் கேள்வி மேல் கேள்வியாக அனுப்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன். மருந்து எது, எவ்வளவு நாள் என்பதை உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண் இமையில பூச்சியா? நெஜமாவே உயிரோட இருக்கா?

உயிரோடுதான் இருக்கிறது. பெயர் டெமோடெக்ஸ். எட்டுக் கால் கொண்ட சிற்றுண்ணி. சிலந்தி, உண்ணி வகையறாவைச் சேர்ந்தது. பேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனிதர் உடம்பில் இரண்டு வகை வாழ்கின்றன. ஃபாலிக்குலோரம் என்பது இமை முடி முளைக்கும் குழிக்குள் கூட்டமாக, தலை உள்ளே இருக்கும்படி கிடக்கும். நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பிரெவிஸ் அதைவிடக் குட்டை. எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஆழமாகப் புகுந்துகொள்ளும். வெறும் கண்ணுக்கு இரண்டுமே தெரியாது.

வெளிச்சம் இதற்கு ஆகாது. இருட்டிய பிறகு குழியை விட்டு வெளியே வந்து, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஊர்ந்து, இணை சேர்ந்துவிட்டுத் திரும்பும். முட்டையிலிருந்து சாவு வரை மொத்த ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இது புதிதாக முளைத்த நோயும் கிடையாது. ஜெர்மனி மருத்துவர் குஸ்தாவ் சைமன் 1842லேயே இந்த உயிரை விவரித்து எழுதியிருக்கிறார்.

நான் தெனமும் ரெண்டு வேள குளிக்கிறவ. வீட்டையும் சுத்தமா வச்சிருக்கேன். எனக்கு எப்படிங்க இது வந்துச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: இது அழுக்கால் வருவது இல்லை. பிறந்த குழந்தைக்கு இது இருக்காது. வளர வளர, அம்மா அப்பாவோடு கன்னத்தோடு கன்னம் வைத்துப் பழகுவதில் ஒட்டிக்கொள்கிறது. வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும். 60 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் முகத்தில் இது இருக்கும். எவ்வளவு பணக்கார வீடானாலும், எத்தனை முறை குளித்தாலும் இதில் மாற்றமில்லை.

வயதைத் தவிர, நீரிழிவு, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய்கள், மருந்துகள், முகம் சிவந்து கொப்புளிக்கும் ரோசேசியா ஆகியவை உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ரோசேசியாவை நம் நிறத் தோலில் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் சிவப்பு வெளியே தெரியாது. வெயிலில் நின்றாலோ, காரமாகச் சாப்பிட்டாலோ முகம் எரிகிறது என்பவர்கள் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் இருக்குன்னா, அப்பறம் எதுக்கு மருந்து?

நியாயமான கேள்வி. கொஞ்சமாக இருந்து, கண்ணில் தொந்தரவும் இல்லாமல், இமை விளிம்பும் நன்றாக இருந்தால் மருந்தே வேண்டாம். பொடுகு லேசாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரையும் மருந்து வாங்க அனுப்புவது சரியில்லை என்பது என் கருத்து.

எண்ணிக்கை பெருகும்போதுதான் சிக்கல். கால் நகங்களால் முடிக்குழியின் உள்தோலைச் சுரண்டும். அந்தத் தோல் தடித்துச் செதிலாகும். உடம்பில் பாக்டீரியாவைச் சுமந்து வரும். செத்த உண்ணியும் கழிவும் குழிக்குள் தேங்கி அழற்சியைக் கிளப்பும். பிரெவிஸ் வகை எண்ணெய்ச் சுரப்பிக்குள் போய் அடைப்பை உண்டாக்கும். அரிப்பு, காலையில் இமை ஒட்டிக்கொள்வது, இமை விளிம்பு சிவப்பது, முடி உதிர்வது அல்லது கோணலாக வளர்ந்து கருவிழியில் குத்துவது எல்லாம் இதில் வரும். இவ்வளவிலும் எனக்குப் பெரிய கவலை எண்ணெய்ச் சுரப்பிதான். அதன் காரணம் அடுத்த பதிலில்.

எண்ணெய்ச் சுரப்பியா? கண்ணுக்கு எதுக்கு எண்ணெய்?

இமையைக் கொஞ்சம் விலக்கி, முடி வரிசைக்குப் பின்னால், கண்ணைத் தொடும் ஓரத்தைக் கவனித்தால் நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு சுரப்பியின் வாய். மேல் இமையில் சுமார் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 சுரப்பிகள் சீப்புப் பல் போல் நிற்கும். 1666இல் இவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் என்பவரின் பெயரால் மைபோமியன் சுரப்பி என்கிறார்கள்.

ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்தத் துளைகளிலிருந்து இம்மி எண்ணெய் வெளிவந்து கண்ணீரின் மேல் படலமாகப் பரவும். அந்தப் படலம் இருந்தால்தான் கண்ணீர் சட்டென்று ஆவியாகாது. சுரப்பி அடைத்துக்கொண்டால் உள்ளே எண்ணெய் கெட்டியாகும். கெட்டியானது மேலும் அடைக்கும். வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் சுரப்பி சுருங்கி மறைந்துபோகும். பொடுகைப் போக்கலாம், உண்ணியைக் குறைக்கலாம். முழுவதும் மறைந்துபோன சுரப்பியைத் திரும்ப முளைக்க வைக்கும் மருந்து கிடையாது. அதனால்தான் உண்ணி எத்தனை என்று எண்ணுவதைவிட சுரப்பி எத்தனை மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எனக்கு இருக்கான்னு வீட்டுலயே பார்த்துக்க முடியுமா?

உண்ணியைப் பார்க்க முடியாது. அது விட்டுச் செல்லும் தடயத்தை ஓரளவு பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் யாரையாவது உங்கள் மேல் இமையைக் கைப்பேசியில் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகம் நேராக, பார்வை கீழே. மேல் இமை முடி தோலிலிருந்து கிளம்பும் இடத்தைப் பெரிதாக்குங்கள். முடியின் அடியைச் சுற்றி மெழுகு மாதிரி, கண்ணாடி நிறத்தில் ஒரு சின்ன வளையம் இறுகப் பிடித்திருந்தால் அதுதான் நான் முதலில் சொன்ன பொடுகு. காலரெட் என்பார்கள். தடித்த செதில், முட்டை, உண்ணியின் கழிவு எல்லாம் சேர்ந்தது அது.

தலைப்பொடுகு இமையில் விழுந்தால் முடியின் நடுவிலும் நுனியிலும் எண்ணெய்ப் பிசுக்காகத் தொங்கும், தட்டினால் உதிரும். காலரெட் உதிராது. முடி வளர வளர வளையமும் மேலே ஏறும். இது இருந்தால் டெமோடெக்ஸ் இருப்பது ஏறக்குறைய உறுதி. அமெரிக்கக் கண் கிளினிக்குகளுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காலரெட் இருந்தது. கண்ணாடி மாற்ற, கேட்டராக்ட் காட்ட என்று வேறு காரணத்துக்காக வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துது. நீங்க என்னடான்னா கண் வறட்சின்னு சொல்றீங்க?

மேலே சொன்ன எண்ணெய்ப் படலம் மெலிந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, கருவிழியில் அங்கங்கே காய்ந்த திட்டு விழும். கண் எரிச்சல் தாங்காமல் மூளைக்குச் செய்தி போய் பொலபொலவென்று தண்ணீர் வரும். அது வெறும் தண்ணீர். எண்ணெய் இல்லாததால் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். அலுவலக ஏர்கோனுக்கு நேராக உட்காருகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், புகைமூட்டக் காலத்தில் வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் இதையே சொல்வார்கள்.

கணினி, கைப்பேசி பார்க்கும்போது நாம் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சிமிட்டினாலும் இமை முழுதாக மூடாது. முழுதாக மூடினால்தான் எண்ணெய் பிதுங்கும். வேலைக்கு நடுவே நிறுத்தி, கண்ணை மெதுவாக முழுசாக மூடி ஓரிரு விநாடி கழித்துத் திறங்கள். காசில்லாத பழக்கம், செய்தால் பலன் உண்டு.

மொதல்ல யாரப் பார்க்கணும்? கண்ணாடிக் கடையா, கிளினிக்கா, பெரியாஸ்பத்திரியா?

ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கும் கடை என்றால் முதல் சோதனைக்கு அங்கேயே போகலாம். எல்லாக் கடையிலும் ஆப்டோமெட்ரிஸ்ட் இருப்பதில்லை. கண்ணாடி மட்டும் பொருத்தும் ஆப்டிஷியன் வேறு. இருவருமே 1991ஆம் ஆண்டு ஆப்டிக்கல் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் கேட்பதில் தப்பே இல்லை. ஸ்லிட் லேம்ப் என்ற கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் இமை விளிம்பைச் சரியாகப் பார்க்க முடியாது.

மருந்து எழுதுவது டாக்டர் வேலை. செலவு பயமென்றால் உங்கள் வட்டார அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் மலேசியருக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனால் நிபுணருக்கு 5 ரிங்கிட். கோலாலம்பூரில் பெரியாஸ்பத்திரியிலும், பினாங்கில் ஜாலான் ரெசிடென்சி பெரியாஸ்பத்திரியிலும் கண் பிரிவு உண்டு. காத்திருக்க நேரமாகும், அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகும் அன்று கண் மையோ மஸ்காராவோ போடாமல் போங்கள். இமையைத் துடைத்துவிட்டுப் போக வேண்டாம், தடயமே போய்விடும்.

இமை முடியப் புடுங்கித்தான் பார்ப்பாங்கன்னு சொல்றாங்க. வலிக்குமா?

ஓரிரு முடியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து உண்ணியை எண்ணுவது ஒரு முறை. சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இப்போது பெரும்பாலும் அதற்குத் தேவை வராது. கீழே பார்க்கச் சொல்லி, ஸ்லிட் லேம்ப்பில் காலரெட்டைக் கண்டாலே போதும். சுரப்பியைப் பார்க்க விளிம்பை லேசாக அழுத்துவார்கள். நல்ல எண்ணெய் தெளிவாக வழியும். கெட்டது மஞ்சளாக, கெட்டியாக வரும், சில துளையில் வரவே வராது. இமையின் உட்புறத்தை அகச்சிவப்புப் படம் எடுத்துச் சுரப்பிகளை எண்ணும் வசதியும் சில இடங்களில் உண்டு. முதல் தடவை எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட அதுதான் கணக்கு.

சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாங்க. ஒரு மாசமா கொடுக்கிறேன், ஒன்னும் கேக்கலையே?

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னால், பெரும்பாலும் துண்டை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, அரை நிமிடம் வைத்து எடுத்துவிடுகிறார்கள். அது போதாது. நெய் உறைந்திருக்கும்போது பாட்டிலைக் கையில் பிடித்தால் உருகுமா? அதே கதைதான். நல்ல சுரப்பியின் எண்ணெய் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். அடைத்துக் கெட்டியானதற்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், அந்தச் சூடும் இமையின் தடிமனைத் தாண்டி உட்புறம் போய்ச் சேர வேண்டும். அதனால் 40 டிகிரி வாக்கில், விடாமல் 5 முதல் 10 நிமிடம். நனைத்த துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மூன்று நான்கு சின்னத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டி நனைத்து, மேலே இருப்பது ஆற ஆற உள்ளே இருப்பதை எடுத்து மாற்றுங்கள். இல்லையென்றால் சூட்டைப் பிடித்துவைக்கும் இமை மாஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள். மைக்ரோவேவில் எத்தனை விநாடி என்று அதன் உறையில் இருக்கும், கூட்டாதீர்கள்.

சூட்டை முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். நீரிழிவால் கை விரல் மரத்தவர்கள் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவித்த முட்டையைத் துணியில் சுற்றி வைப்பது வேண்டாம். அது எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது, இமைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல். கண்ணை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பார்வை மங்கும், கருவிழி கூம்பாகும் நோய் உள்ளவர்களுக்குக் கெடுதலும் கூட.

ஒத்தடம் முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக வருடி எண்ணெயை விளிம்புக்குத் தள்ளுங்கள். பிறகு விளிம்பைத் துடையுங்கள். சூடு, வருடல், துடைப்பு: வரிசை மாறக் கூடாது. இப்படி ஒழுங்காகச் செய்தாலும் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

பேபி ஷாம்பூ போட்டுக் கழுவினா போதாதா?

பல வருஷமாக டாக்டர்களே சொல்லிவந்த வழிதான். பொடுகையும் பிசுக்கையும் கொஞ்சம் எடுக்கும். உண்ணியைக் கொல்லாது. 2005இல் வந்த ஒரு ஆய்வில், பாதிக்குப் பாதி கலந்த (50 சதவீத) பேபி ஷாம்பூவில் போட்ட உண்ணிகள் 150 நிமிடத்துக்கு மேலும் உயிரோடு இருந்தன. கண்ணுக்குள் போனால் கண்ணீர்ப் படலத்தையும் கலைக்கும். இமைக்கென்றே விற்கும் நுரையோ துடைப்பான் தாளோ கிடைத்தால் அதுவே மேல். ஹைப்போகுளோரஸ் ஸ்ப்ரே பாக்டீரியாவுக்கு நல்லது, ஆனால் உண்ணிக்கு எதிராக அது மட்டும் போதாது.

டீ ட்ரீ எண்ணெய் ஃபார்மசியில சின்ன பாட்டில் கிடைக்குது. பஞ்சுல தொட்டு நேரா தடவலாமா?

தடவவே கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் உடனே பதில் போட்டுவிடுவேன், எந்த நேரமானாலும். மேலே சொன்ன அதே ஆய்வில் கலக்காத டீ ட்ரீ எண்ணெய் உண்ணியை நான்கு நிமிடத்துக்குள் கொன்றது உண்மை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலர் பாட்டிலை வாங்குகிறார்கள். ஆனால் அது கருவிழியைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு வீட்டில் கலக்குவதும் வேண்டாம். எந்த அளவில் கலந்தது என்று கையில் கணக்கிருக்காது. 50 சதவீதம் கலந்ததைக்கூட கண் கிளினிக்கில், கண்ணை மரக்கச் செய்துவிட்டுத்தான் முடி வேரில் தொட்டு வைப்பார்கள்.

வீட்டுக்கு என்றால், இமைக்கென்றே தயாரித்த துடைப்பான் தாள். அதில் வேலை செய்வது டெர்பினென்-4-ஆல் என்ற பொருள். கண்ணை மூடித் துடைத்து, சொன்ன நேரத்தில் கழுவுங்கள். லேசாக எரியலாம், எரிச்சல் நாளுக்கு நாள் கூடினாலோ தோல் தடித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், சிலருக்கு இது ஒவ்வாமை தரும். சோதனைக்கூடத்தில் இந்தப் பொருள் சுரப்பிச் செல்களையே பாதித்ததாகவும் ஆய்வு உண்டு. ஆகவே வருஷம் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலை எட்டாமல் வையுங்கள், பூனைக்கு இது விஷம்.

அமெரிக்காவுல இதுக்குன்னே சொட்டு மருந்து வந்திருக்காமே?

ஆமாம். லோட்டிலேனர் 0.25 சதவீதம். டெமோடெக்ஸ் இமை அழற்சிக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் மருந்து, 2023 ஜூலையில். நாளுக்கு இரண்டு வேளை, ஆறு வாரம். முதல் பதிலில் சொன்ன ஆயுள் கணக்கைப் பாருங்கள். ஆறு வாரம் என்பது இரண்டு மூன்று தலைமுறையைத் தாண்டிவிடும். உண்ணியின் நரம்பை முடக்கிக் கொல்கிறது. அனுமதிக்கு முன் நடந்த சோதனைகளில் சுமார் பாதிப் பேருக்குக் காலரெட் ஏறக்குறைய முழுதும் போயிற்று.

இது டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. ஆன்லைனில் யாரோ அனுப்பும் பாட்டிலைக் கண்ணில் விடாதீர்கள். நாய் உண்ணிக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் இதே பொருள் இருக்கிறது என்று சிலர் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையைக் கரைத்துக் கண்ணில் விடுவது கண்ணையே இழக்கும் வழி. ஐவர்மெக்டின் மாத்திரையையும் சில டாக்டர்கள் கடுமையான நிலையில் எழுதுவார்கள். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டிய மருந்து அது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

டாக்டர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தாரு. இது கிருமி மருந்துதானே, பூச்சிக்கு எதுக்கு?

பூச்சிக்கு இல்லை, சுரப்பிக்கு. குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்கும்போது அழற்சியைத் தணித்து, எண்ணெய் கெட்டியாவதைக் குறைக்கும். பாலோடு, இரும்பு அல்லது கால்சியம் மாத்திரையோடு, வயிற்றுப்புண் மருந்தோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. அதனால் காலையில் பால் கலந்த தே தாரிக்கோடு வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். பத்துமலைக்கு நடந்து போகிற எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கண் மை போடலாமா? கல்யாணம் வருது.

வெளியே, முடி வரிசைக்கு மேலே மெல்லியதாகப் போட்டு அன்றிரவே துடைத்துவிட்டால் பெரிய பாதகமில்லை. சிகிச்சை நடக்கும் வாரங்களில் மட்டும் நிறுத்தச் சொல்வேன். ஆனால் இமையின் உள் ஓரத்தில் இழுத்து விடுகிறோமே, அது அப்படியே சுரப்பித் துளைகளின் மேல்தான் போகிறது. அதை விட்டுவிடுங்கள். பழைய மையையும் மஸ்காராவையும் தூக்கிப் போடுங்கள், யாரோடும் பங்கு வைக்காதீர்கள். ஒட்டு இமை முடியின் பசைக்குள் காலரெட் மறைந்துகொள்ளும், துடைக்கவும் முடியாது. கல்யாணத்துக்கு வேண்டுமானால் அந்த ஒரு நாள் மட்டும் போட்டுக் கழற்றுங்கள். வாரக்கணக்கில் ஒட்டி வைப்பது வேண்டாம்.

தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக் குளிச்சா பூச்சி பெருகுமா? பாட்டி கண்ணுல வெளக்கெண்ணெய் விடச் சொல்றாங்க.

தீபாவளி எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டியதில்லை. சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு இமை ஓரத்தில் பிசுக்கு தங்காமல் கழுவிவிடுங்கள், சீயக்காய்த் தூள் மட்டும் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறை எண்ணெயையோ தாய்ப்பாலையோ கண்ணுக்குள் விடுவது வேண்டாம். அவை கிருமி நீக்கியவை இல்லை. காய்ந்த கருவிழியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் புண்ணாகிவிடும். பாட்டியிடம் சண்டை போடாமல், ஒத்தடம் கொடுக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். துண்டைச் சுடச்சுட மாற்றிக் கொடுக்க ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடட்டுமா?

2018இல் அமெரிக்காவில் 535 பேரிடம் ஒரு வருஷம் நடந்த சோதனையில், ஒமேகா 3 மாத்திரையும் ஒப்பீட்டுக்குக் கொடுத்த ஆலிவ் எண்ணெய் மாத்திரையும் கண் வறட்சிக்கு ஏறக்குறைய ஒரே பலன்தான் தந்தன. மாதம் நூறு ரிங்கிட் அதில் போடுவதற்குப் பதில் நல்ல இமை மாஸ்க் ஒன்று வாங்குங்கள். மீன் பிடித்தால் கெம்போங், மத்தி குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது.

புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்குமா? நாய்கிட்டேர்ந்து வந்திருக்குமா?

நாய்க்கு வரும் டெமோடெக்ஸ் வேறு இனம், அதனிடமிருந்து உங்களுக்கு வராது. மனிதரிலிருந்து மனிதருக்கு நெருக்கத்தில் போகும். ஆனால் உங்கள் கணவரிடம் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குத் தொந்தரவு இல்லையென்றால் மருந்து வேண்டாம். உங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அவர் இமையையும் பார்க்கச் சொல்லுங்கள். தலையணை உறையையும் முகத்துண்டையும் வாரம் ஒருமுறையாவது வெந்நீரில் துவைத்து நன்றாகக் காயப் போடுங்கள். பிள்ளையைக் கொஞ்சுவதை நிறுத்தாதீர்கள். பிள்ளைக்குக் கண் சிவப்பும் கட்டியும் மாறி மாறி வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்கட்டி போய் போய் வருது. சூடு உடம்புன்னு வீட்டுல சொல்றாங்க.

அடைத்த சுரப்பிதான் கட்டியாகிறது. ஒத்தடத்தை மேலே சொன்னபடி கொடுங்கள். நுனி விரலால் கிள்ளவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். அடிக்கடி வந்தால் இமையில் டெமோடெக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்க வேண்டும். நம்மவர்களில் பலருக்கு நீரிழிவு இருப்பதே இப்படி வேறெதற்கோ போன இடத்தில்தான் தெரியவருகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நடுவயதைத் தாண்டியவருக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி, அல்லது ஒரு கண் இமை மட்டும் மாதக்கணக்கில் தடித்து, அந்த இடத்து முடி உதிர்ந்திருந்தால், அது எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். அரிதானது, ஆனால் ஆசியர்களில் இமைப் புற்றுநோய்களுக்குள் இதன் பங்கு கூடுதல். துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஐபிஎல் லைட் வச்சா சரியாயிடும்னு விளம்பரம் பார்த்தேன். செய்யலாமா?

ஐபிஎல் என்பது தோலில் விட்டு விட்டுப் பாய்ச்சும் தீவிர ஒளி. அடைத்த சுரப்பிக்கு அது உதவுகிறது, 2021இல் எஃப்.டி.ஏ. இதற்காக ஒரு கருவியை அனுமதித்தது. ஆனால் அந்த ஒளியைத் தோலின் கருமை உறிஞ்சும். மாநிறத்தையும் தாண்டிய தோலில் கன்னம் வெந்து, கருந்திட்டோ வெண்திட்டோ விழும் ஆபத்து உண்டு. கருவியிலேயே தோல் நிற அளவுகோல் இருக்கும். கருமையான இரண்டு நிலைகளுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. எங்கள் கடைக்கு வரும் தமிழர்களில் நிறையப் பேர் அந்த இரண்டுக்குள்தான் வருவார்கள். பணம் கட்டும் முன், "என் நிறத்துக்கு இது சரியா, முன்னால் சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். இமையைச் சூடாக்கி அழுத்தும் லிப்பிஃப்ளோ போன்ற கருவிகளுக்குத் தோல் நிறம் தடையில்லை, விலைதான் கூடுதல்.

அப்பாவுக்கு அடுத்த மாசம் கேட்டராக்ட் ஆப்பரேஷன். இமையில பொடுகு இருக்குன்னு தள்ளிப் போட்டுட்டாங்க. இது அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான், தள்ளிப் போட்டது நல்லதே. இமை விளிம்பில் உள்ள பாக்டீரியா ஆப்பரேஷனின்போது கண்ணுக்குள் போனால் பார்வையே போகும் அளவுக்குச் சீழ் பிடிக்கலாம். அது அபூர்வம், ஆனால் தடுக்கக்கூடியது. இன்னொன்று, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட கருவிழியை அளப்பார்கள். கண்ணீர்ப் படலம் கலைந்திருந்தால் அளவு தப்பும். சில வாரம் இமையைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப அளப்பது அப்பாவின் நன்மைக்குத்தான்.

ஆறு வாரம் எல்லாம் செஞ்சு சரியாச்சு. இப்ப நாலு மாசத்துல மறுபடியும் அரிக்குது. மருந்து வேல செய்யலையா?

வேலை செய்தது. உண்ணி முழுக்க ஒழியாது, ஒழிய வேண்டியதும் இல்லை; மிச்சமிருப்பது மெல்லப் பெருகும். சிகிச்சை முடிந்த பிறகும் இரவில் இமை துடைப்பதைப் பல் துலக்குவதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒத்தடம் வாரத்தில் சில நாள். வருஷம் ஒருமுறை ஸ்லிட் லேம்ப்பில் காட்டுங்கள். காலரெட் திரும்பவும் நிறைய இருந்தால் டாக்டர் இன்னொரு சுற்று சொல்வார்.

காலரெட்டும் இல்ல, உண்ணியும் இல்லன்னுட்டாங்க. ஆனா எரிச்சல் மட்டும் போகல. என்னதான் பண்றது?

அப்படியானால் உண்ணியை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்களுக்குச் சுரப்பி சுருங்கலாம்; கோலாலம்பூரில் காலேஜ் பிள்ளைகள் பலர் இதைச் சாப்பிட்டிருப்பார்கள், கண்ணோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்றே நினைக்க மாட்டார்கள். கிளாக்கோமா சொட்டு மருந்துகளும், அவற்றில் கலந்திருக்கும் பதப்பொருளும் இமையைக் கெடுக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. பதப்பொருள் இல்லாத வகையைக் கேட்டு மாற்றலாம். ஒவ்வாமை, காண்டாக்ட் லென்ஸ், ரோசேசியா, உடம்பு முழுக்கக் காயவைக்கும் ஷோக்ரன் நோய் என்று இன்னும் உண்டு. சிவப்பைப் போக்கும் சொட்டு, யாரோ மிச்சம் வைத்த ஸ்டீராய்டு சொட்டு என்று வாங்கி விட்டுக்கொண்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தையும் ஏற்றும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது வாயால் சொல்ல நினைத்தால் பாதி மறந்துவிடும். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், சொட்டு பாட்டிலையும், முகத்தில் பூசும் கிரீமையும், மையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எரிச்சல் காலையில் கூடுதலா மாலையில் கூடுதலா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். காலையில் என்றால் இமை அழற்சியின் பக்கம், மாலையில் என்றால் கண்ணீர் காய்வதன் பக்கம் டாக்டரின் யோசனை போகும். கண் வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ, வெளிச்சம் பார்க்கவே கூசினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் உடனே கழற்றி அதன் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள்.